இரண்டு ப்ரபோசலும் ஒரு சனிக்கிழமையும்

பலாபத்வல,
செவ்வாய்க்கிழமை, ளுஹர் தொழுகைக்குப் பின்.

பெருமதிப்புக்குரிய மச்சான் முனாஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நீங்களும் வீட்டாரும் குருநாகலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போவதுதான் வழக்கம். ஆனால் அப்படி எழுதுவதற்கு முன் வீட்டுக்குள் ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் தங்கச்சி ஸக்கியா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கிறாள். உங்கள் மருமகள், என் மகள் பஸ்லா தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போகிறாள். எனக்குச் சீனி வருத்தம் இருப்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வாப்பா பாவம் என்று பிள்ளை தாய்க்குத் தெரியாமல் அரைக் கரண்டி சீனி போட்டுத் தருவாள். சனிக்கிழமையிலிருந்து டொக்டர் சொன்னபடி நடக்கிறாள். எனக்கு மனசே சரியில்லை. இதைச் சுகம் என்று எழுதலாமா, கூடாதா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இதை வட்ஸ்அப்பில் அனுப்பாமல் கடதாசியில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என் போனில் வருவதையும் போவதையும் இந்த வீட்டில் யாரோ பார்க்கிறார்கள். யார் என்று தெரியாது, சந்தேகம் மட்டும் இருக்கிறது. வாயால் பேசி அனுப்பலாம் என்றால், நான் போனில் பேசினால் மாத்தளை டவுன் வரைக்கும் கேட்கிறது என்று ஸக்கியா சொல்கிறாள். ஆகவே வீட்டோடு சேர்ந்த நமது கடையின் பின்னறையில், மிளகு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்த துண்டுகளை ஒரே இடத்தில் போடவேண்டாம்.

முதலில் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். "ப்ரபோசல்" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது உங்களுக்கு முன்பே தெரியுமா? எனக்குத் தெரிந்த ப்ரபோசல் ஒன்றே ஒன்றுதான். வீட்டில் குமர்ப்பிள்ளை இருந்தால் தரகரோ சொந்தக்காரரோ கொண்டுவருவது. தம்புள்ளை ஹார்ட்வெயார் கடை இப்திகார் ஹாஜியாரின் மகன் நப்லான் என்று நீங்கள் கொண்டுவந்தீர்களே, அது ப்ரபோசல். கெம்பஸில் படித்தவர்கள், தாங்கள் செய்யப்போகிற ஆராய்ச்சிக்குக் காசு கேட்டு எழுதுகிற திட்டத்துக்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள் என்று யார் கண்டது? முன்மொழிவு என்று நல்ல தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறதாம். அதை எனக்குச் சனிக்கிழமை, எல்லாம் நடந்து முடிந்த பிறகு சொன்னார்கள். ஏன் அதற்கு முன்பே சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன். விவசாயம் படித்து முடித்த பஸ்லா, கெம்பஸில் தற்காலிகமாக உதவி விரிவுரையாளர் வேலை செய்கிறாள் அல்லவா. போன மாதம் ஒருநாள், "வாப்பா, ப்ரபோசல் எழுதப் பழக்குற செயலமர்வு ஒண்ணு வைக்கிறாங்க, போகட்டா?" என்று கேட்டாள். நானும் உங்கள் தங்கச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கலியாணம் என்றாலே எழும்பிப் போய்விடுகிற பிள்ளை தானாகவே ப்ரபோசலைப் பற்றிப் படிக்கக் கேட்கிறாள் என்றால் யாருக்குத்தான் சந்தோசம் வராது? போய் வா மகள் என்று பஸ் ஏற்றிவிட்டேன். அங்கே இருந்து ஒரு கோப்போடு திரும்பி வந்தவள் ஆளே மாறியிருந்தாள். ராத்தல் கணக்கில் கடதாசி. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தனக்குத்தானே பேசுகிறாள். "நல்ல ப்ரபோசல்னா முதல்ல பிரச்சினை என்னன்னு தெளிவாச் சொல்லணும் வாப்பா. அடுத்தது குறிக்கோள். அடுத்தது இது ஏன் இப்ப அவசரம்னு சொல்லணும்" என்றாள். எனக்கு எல்லாம் சரியாகத்தான் பட்டது. பிரச்சினை அவளுடைய வயது. குறிக்கோள் கலியாணம். அவசரம் எனக்கும் அவள் உம்மாவுக்கும். பிறகு சாப்பாட்டு மேசையில், "கொன்ட்ரோல் இல்லாட்டி ஒரு ப்ரபோசலும் பாஸாகாது வாப்பா, எங்க சேர் முதல் நாளே சொல்லிட்டாரு" என்றாள். "பார்த்தியா ஸக்கியா, கெம்பஸ்லயும் கட்டுப்பாடு, ஒழுக்கமெல்லாம் சொல்லித்தான் குடுக்கிறாங்க" என்று நான் பெருமைப்பட்டேன். அந்த கொன்ட்ரோல் என்றால் என்னவென்று பின்னால் சொல்கிறேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சந்தேகம் தொடங்கியது. ஒருநாள் பின்னேரம் அவள் யன்னலோரம் நின்று ஒரு சிநேகிதியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக் கேட்கவில்லை, யன்னலுக்கு வெளியே பாயில் காயப்போட்ட கராம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது. "என்ட பேரு அவங்களுக்குத் தெரியா, அவங்கட பேரு எனக்குத் தெரியா. மறைச்சுத்தான் பார்ப்பாங்க. பிடிச்சா நேர்ல வருவாங்க" என்றாள். கராம்பு கையிலிருந்து கொட்டியது. பெயர் ஊர் தெரியாமல் இது என்ன சம்பந்தம்? "மூணு வருஷத்துக்குத்தான். அதுக்குப் பொறவு வேணும்னா புதுசாப் போட்டுக்கலாம்" என்றாள். நான் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டேன். "ரிஜெக்ட் ஆனா ஆகட்டும். எங்க சேருக்கு ஆறு தரம் ரிஜெக்ட் ஆகியிருக்கு, ஏழாவது தரம்தான் கெடச்சுதாம். அவருதான் எனக்குத் திருத்தித் தாறாரு" என்றாள். மச்சான், ஆறு வீட்டில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ஒரு மனிசன், என் பிள்ளைக்கு ப்ரபோசல் திருத்திக் கொடுக்கிறான் என்று கேட்டால் ஒரு தகப்பனுக்கு எப்படி இருக்கும்? அஸ்தஃபிருல்லாஹ் என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போய் ஸக்கியாவிடம் சொன்னேன். "உங்களுக்குக் காது மந்தம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். அவளும் இதில் உடந்தையோ என்று அன்றைக்கே யோசித்தேன்.

இந்த நேரத்தில்தான் உங்கள் செய்தி வந்தது: இப்திகார் ஹாஜியார் வீட்டார் சனிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு பெண் பார்க்க வருகிறார்கள் என்று. அதே நாள் சாப்பிடும்போது பஸ்லா சொன்னாள், "வாப்பா, சனிக்கிழமை பின்னேரம் ப்ரபோசல் விசயமா ஆக்கள் வாறாங்க. முதல்ல நம்ம மிளகுத் தோட்டத்தப் பார்க்கணுமாம்." நீங்கள் அவளுக்கும் சொல்லிவிட்டீர்கள் போல, பிள்ளையும் சம்மதித்துவிட்டாள் போல என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். ஆனால் அந்தக் கடைசி வார்த்தைதான் இடித்தது. பெண்ணைப் பார்க்க முன் தோட்டத்தைப் பார்க்கிற மாப்பிள்ளை வீடு என்ன வீடு? எனக்கு இருப்பது வீட்டுக்குப் பின்னால் சரிவில் இறங்குகிற அந்த ஒரு தோட்டம்தான். அதிலும் பாதிக் கொடி மஞ்சளாகிச் செத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கண்ணில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள் என்று முடிவு செய்தேன். தோட்டத்துப் பக்கம் ஒரு அடி வைக்க விடுவதில்லை, கூடத்திலேயே உட்காரவைத்து எல்லாவற்றையும் விசாரித்து அறிவது என்று திட்டம் போட்டேன். இந்தக் கதையில் திட்டம் போடப் பழகியது பஸ்லா மட்டும் இல்லை.

சனிக்கிழமை வந்தது. ஸக்கியா பெட்டிஸ், ரோல்ஸ், வட்டிலப்பம் எல்லாம் செய்து மேசையை நிரப்பிவிட்டாள். பஸ்லா மட்டும் புது உடுப்பு உடுக்காமல், பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஒரு கட்டு சிவப்பு ரிபனோடு தோட்டத்துக்குள் இறங்கிப் போனாள். அலங்காரம் செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். சொன்ன நேரத்துக்கு முன்பே ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியது இரண்டே பேர். ஒரு பெண், காற்சட்டையும் தொப்பியும் ரப்பர் சப்பாத்தும் போட்டவர். மாமியாருக்கு வயது போதாது, மாப்பிள்ளைக்கு மூத்தவள், ராத்தாவாக இருக்கும் என்று கணக்கிட்டேன். மற்றது ஒரு இளைஞன், கையில் டெப் கம்பியூட்டர். நீங்கள் அனுப்பிய நப்லானின் போட்டோ உம்ராவில் தலை வழித்த பிறகு எடுத்தது. இவனுக்குத் தலை நிறைய முடி. முடியை வைத்து ஆளை எப்படி அடையாளம் காண்பது? நான் ஸலாம் சொன்னேன். கொஞ்சம் தடுமாறித்தான் பதில் சொன்னார்கள். தம்புள்ளைப் பக்கத்து வழக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"நேரா தோட்டத்துக்குப் போயிறலாங்களா?" என்று அந்த இளைஞன் கேட்டான். வந்து வாசலில் கால் வைக்க முன்னமே தோட்டம்! "முதல்ல உட்காருங்க தம்பி, தோட்டம் எங்கயும் ஓடிப் போகாது" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். பலகாரத் தட்டை நீட்டினால் அந்த அம்மா கையைக் கூப்பி, "பிளேன்டீ போதுங்க. சாப்பாடெல்லாம் வாங்கக்கூடாதுன்னு எங்களுக்கு விதி இருக்கு" என்றார். பெண் பார்க்க வந்த வீட்டில் பெட்டிஸ் சாப்பிட மாட்டேன் என்கிறவர்களை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? ஏதோ மறைக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அந்த அம்மாதான் பேச்சைத் தொடங்கினார்.

"உங்க மகளோட ப்ரபோசல நாங்க எல்லாரும் பார்த்தோம். ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா நேர்ல வந்து பார்க்காம முடிவு சொல்ல முடியாது பாருங்க. நாங்க குடுக்கிறது வீணாப் போகக்கூடாது."

"நீங்க குடுக்கிறதா, நாங்க குடுக்கிறதா?" என்று நான் தெளிவாகக் கேட்டேன். சீதனக் கைக்கூலிப் பேச்சை முளையிலேயே கிள்ளவேண்டும் அல்லவா.

"நாங்கதான் குடுப்போம். உங்ககிட்ட ஒண்ணும் கேட்க மாட்டோம். ஆனா எல்லாத்தையும் ஒரே தடவையில குடுக்க மாட்டோம். மகள் ஆறு மாசத்துக்கு ஒருதரம் ரிப்போர்ட் எழுதணும். அதப் பார்த்துட்டுத்தான் மிச்சம்."

மாப்பிள்ளை கொடுக்கவேண்டிய மஹரைத் தவணை முறையில், அதுவும் ரிப்போர்ட் பார்த்துக் கொடுக்கிற குடும்பம்! "என்னத்த எழுதணும் ரிப்போர்ட்ல?" என்றேன். "என்ன செஞ்சாங்க, எது சரிவந்துச்சு, எது பிழைச்சுது, எல்லாம் உள்ளபடி எழுதணும்" என்றார். வீட்டுக்குள் நடப்பதை உள்ளபடி எழுதினால் எந்தக் குடும்பம் நிலைக்கும், மச்சான்? சரி, முழுவதையும் கேட்டுவிடுவோம் என்று, "மூணு வருஷத்துக்குன்னு கேள்விப்பட்டேன். அதுக்குப் பொறவு?" என்றேன். அந்த இளைஞன் சிரித்துக்கொண்டே சொல்கிறான், "அதோட முடிஞ்சிருங்க. நாங்க வாங்கிக் குடுத்த சாமானெல்லாம் திருப்பி எடுத்துக்குவோம். நல்லாப் போனா இன்னும் ஒரு வருஷம் நீடிக்கலாம்." இதைச் சொல்லிவிட்டு யன்னலால் கீழே எட்டிப் பார்த்து, "போகும்போது தோட்டத்துல நாலு மூலையிலயும் கொஞ்சம் மண்ணு எடுத்துக்கிறோங்க, கொண்டுபோய்ப் பார்க்கணும்" என்றான். நாலு மூலை மண்! சூனியம் செய்கிறவர்கள் அதை எதற்கு எடுப்பார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் மனதுக்குள் ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினேன்.

ஓதிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா முகத்தைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டு, "முக்கியமான ஒண்ணு கேட்கணும். இந்தத் தோட்டம் உங்க பேருலதானே இருக்கு? மூணு வருஷத்துக்கு மகளுக்கு விட்டுக் குடுப்பீங்களா? அது உறுதியாத் தெரிஞ்சாத்தான் மத்ததப் பேசலாம்" என்றார். பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது என்று நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "ஒரு பேர்ச் நிலம் கூடக் குடுக்க மாட்டேன்! மகளத்தான் குடுக்கிறேன், மண்ணக் குடுக்கல்ல!" என்று கத்தினேன். குசினிக்குள் ஏதோ விழுந்து உடைந்தது. இளைஞன் டெப்பை எடுத்து, "அத அப்படியே எழுதிக்கட்டுங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். "எழுதுங்க! பெரிய எழுத்துல எழுதுங்க!" என்றேன். எழுதிக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஏதோ தட்டியது. "தம்பி, நீங்க நப்லான்தானே?" என்று கேட்டேன். "இல்லீங்க, நான் விஜேந்திரன்" என்றான். "கலியாணம் முடிச்சிட்டீங்களா?" "ஆமாங்க, ரெண்டு புள்ளைங்க. மூத்தவ இந்த வருஷந்தான் ஸ்கூல் போறா. இவங்க டொக்டர் பிரவீனா, எங்க மேலதிகாரி." மச்சான், உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிசத்தில் நான் முதலில் சந்தேகித்தது உங்களைத்தான். முனாஸ் மச்சான் பிள்ளைகுட்டிக்காரனை அனுப்பிவிட்டாரே என்று. நான் வாயைத் திறந்து உங்கள் பெயரைச் சொல்ல முன், பஸ்லா சேற்றுச் சப்பாத்தோடு மூச்சு வாங்க உள்ளே ஓடிவந்தாள். "வாப்பா, இவங்கள ஏன் இங்க பிடிச்சு வச்சிருக்கீங்க? நான் கீழ எவ்வளவு நேரமாப் பார்த்துட்டு நிக்கிறேன். போனுக்கும் சிக்னல் இல்ல. மழை வரப்போகுது, இருட்டினா கொடிட நிறமே தெரியாது!" என்றாள். "மகள், இவங்க பொண்ணு பார்க்க வந்தவங்க இல்லையா?" என்று நான் கேட்டேன். "பொண்ணா? வாப்பா, இவங்க மிளகு பார்க்க வந்தவங்க!" என்றாள். அந்த பிரவீனா அம்மா நல்லவர், சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பஸ்லா சிரிக்கவில்லை.

அப்போதுதான் விசயம் விளங்கியது. இரத்தோட்டைப் பக்கம் மேல் தோட்டங்களில் மிளகுக் கொடி மஞ்சளாகி, இலை கொட்டி, அப்படியே காய்ந்து போகிறது. நமது தோட்டத்தில் பாதி சாகிறது, அதே வரிசையில் பாதி பச்சையாக நிற்கிறது. ஏன் என்று யாருக்கும் தெரியாதாம். அதைக் கண்டுபிடிக்க பஸ்லா எழுதிய திட்டத்துக்குக் காசு கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் அவர்கள் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். சிவப்பு ரிபன் சாகிற கொடிகளுக்குக் கட்டியது. நாங்கள் எல்லோரும் தோட்டத்துக்கு இறங்கப் போக, மழை கொட்டத் தொடங்கிவிட்டது. சரிவு வழுக்கியது. பிரவீனா அம்மா பாதி வழி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, முடியாமல் திரும்பிவிட்டார். மண்ணும் எடுக்கவில்லை. போகும்போது வெட்கத்தில் நான் ஒரு பை மிளகு, எங்கள் கடையின் முதல் தரம், எடுத்து நீட்டினேன். வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்கள். மாத்தளையில் சும்மா கொடுத்த மிளகை வேண்டாம் என்ற மனிதர்களை நான் இன்றுவரை கண்டதில்லை. அதனால்தான் எனக்கு அவர்கள் மீது இன்னும் சந்தேகம் தீரவில்லை.

அவர்களுடைய ஜீப் திரும்பிப் போக, உங்கள் இப்திகார் ஹாஜியாரின் வேன் வந்து நின்றது. ஒரு தரம் ஏமாந்தவன் இரண்டாம் தரம் ஏமாறுவானா? நான் குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குக் குறுக்கே நின்று, "நீங்க ரிசர்ச்சா, நிகாஹ்வா?" என்று கேட்டேன். ஹாஜியாருக்கு முகம் மாறியது அங்கேதான். பிறகு உள்ளே அழைத்து மரியாதையாகத்தான் உட்காரவைத்தேன். பெட்டிஸ், ரோல்ஸ் எல்லாவற்றையும் விதி எதுவும் இல்லாமல் சாப்பிட்டார்கள். ஆனால் மச்சான், என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு மாதமாக பஸ்லா கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகியதெல்லாம் என் காதில் ஊறிக் கிடந்திருக்கிறது. "இந்த வீட்டத் தெரிவு செஞ்ச காரணம் என்ன?" என்று கேட்டேன். "முனாஸ் சொன்னாரு" என்றார் ஹாஜியார். "வேற வீடுகளோட ஒப்பிட்டுப் பார்த்தீங்களா?" "என்ன கேள்வி இது?" "உங்கட குறிக்கோள் என்ன?" "கலியாணம்தான், வேற என்ன குறிக்கோள்?" "சரிவராட்டி மாற்றுத் திட்டம் ஏதும் இருக்கா?" ஹாஜியாரின் கையில் இருந்த பெட்டிஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அவருடைய மனைவி பேச்சை மாற்ற, "புள்ள எங்க?" என்று கேட்டார். பஸ்லா நனைந்த தலையோடு தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவ்வளவு நேரமும் போனுக்குள் தலையை விட்டிருந்த நப்லான் நிமிர்ந்து, "மழையில நனைஞ்சீங்களா?" என்று கேட்டான். கூடம் முழுவதும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அன்று முழுவதும் அவன் பேசியது அந்த ஒரு வசனம்தான்.

பிள்ளை நனைந்த காரணத்தை, ரிபன் கதையோடு, நான் சொல்லிமுடிக்க ஹாஜியார், "கலியாணத்துக்குப் பொறவு புள்ள கொடிக்கு ரிபன் கட்டிட்டுத் திரியத் தேவையில்ல, வீட்டுல இருந்தாச் செரி. தோட்டத்த மகள் பேருக்கு எழுதுறதா முனாஸ் சொன்னாரு, அது எப்ப?" என்று கேட்டார். மச்சான், நான் எப்போது உங்களிடம் அப்படிச் சொன்னேன்? நீங்களாகச் சொன்னீர்களா, அவராகச் சேர்த்துக்கொண்டாரா? இதற்கு மட்டும் தனியாக ஒரு பதில் எழுதுங்கள். நான் மேசையில் இருந்த தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். அவர்கள் எழும்பினார்கள். மேசையில் கிடந்த அந்த மிளகுப் பையை, நான் கொடுக்காமலே, ஹாஜியார் கையில் எடுத்துக்கொண்டு போனார். நல்ல மணம் என்று வேறு சொன்னார்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு பஸ்லா வரவில்லை. அறைக்குள் அழுதாள். எனக்குக் காது மந்தம் என்கிறார்களே, அது நன்றாகவே கேட்டது. கதவுக்கு வெளியில் நின்று சமாதானம் சொல்லப் போனேன். "வாப்பா, யாரு படிச்சாலும் விளங்கணும்னு ஒவ்வொரு வசனத்தையும் எத்தன தரம் திருத்தினேன் தெரியுமா? என்ட பேருல முதல் முதல்ல எழுதினது. அந்தத் தோட்டத்தக் காட்டத்தான் எல்லாமே. நீங்க பெட்டிஸக் காட்டினீங்க" என்றாள். திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் அவளிடம் ஒன்று கேட்டேன், வியாபாரி கேட்கிற கேள்விதான். "அந்தக் காசு குடுக்கிறவங்களுக்கு என்ன லாபம் மகள்?" என்றேன். "ஒண்ணும் இல்ல வாப்பா. கண்டுபிடிச்சத எல்லாருக்கும் சொல்லணும், அவ்வளவுதான்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். வட்டி இல்லை, பங்கு இல்லை, திருப்பிக் கொடுக்கவும் வேண்டாமாம். லாபம் வேண்டாம் என்று சொல்கிற ஆளிடம் மிளகு வாங்கினால் நான் மூட்டையை அடிவரைக்கும் கொட்டிப் பார்ப்பேன். அந்த கொன்ட்ரோல் என்னவென்றும் அன்றைக்குத்தான் சொன்னாள். ஒரு பகுதிக் கொடிக்கு மருந்து வைப்பார்களாம், இன்னொரு பகுதிக்கு ஒன்றுமே செய்யாமல் சும்மா விடுவார்களாம். செத்தால் சாகட்டுமாம். அப்போதுதான் வித்தியாசம் தெரியுமாம். என் வாப்பா நட்ட கொடியை, என் கண் முன்னால், தெரிந்துகொண்டே சாக விடுவதற்குப் பெயர் கொன்ட்ரோல்.

ஆகவே எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இப்திகார் ஹாஜியாரையும் நான் நம்பவில்லை. ஆனால் அவருக்கு என்ன வேண்டும் என்றாவது எனக்குத் தெரியும், தோட்டம் வேண்டும். அந்த ஜீப்பில் வந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை. தெரியாத சந்தேகத்தைவிடத் தெரிந்த சந்தேகம் நல்லது. நீங்கள் ஒருமுறை தம்புள்ளைக்குப் போய், மச்சான் ஸக்கரியா அன்று உடம்பு சரியில்லாமல் பேசிவிட்டான் என்று என் சார்பில் சொல்லி, வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவர்களைத் திரும்பவும் வரச்சொல்லுங்கள். பஸ்லாவின் கடதாசி வேலையெல்லாம் முடிந்துவிட்டது, இனி ஆராய்ச்சி என்ற பேச்சே இந்த வீட்டில் இல்லை, கொடிக்கு யாரும் ரிபன் கட்டமாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்லுங்கள். இது என் கடைசி முடிவு. உங்கள் தங்கச்சி கேட்டால் இது நீங்கள் சொன்ன யோசனை என்று சொல்லிக்கொள்கிறேன்.

மருமக்கள் எல்லோருக்கும் என் ஸலாமும் துஆவும். அல்லாஹ் உங்கள் வியாபாரத்தில் பரக்கத்தையும், தேகத்தில் சுகத்தையும், பேச்சில் உண்மையையும் தருவானாக. ஆமீன்.

இங்ஙனம்,
உங்கள் மீது மதிப்பும், கொஞ்சம் சந்தேகமும் உள்ள மச்சான்,
ஸக்கரியா

பி.கு.: கடித உறைக்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது பஸ்லா கையில் போனோடு கடைக்குள் வந்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு அவளாக என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "வாப்பா, ரிஜெக்ட்." நான் முழுவதையும் தமிழில் வாசிக்கச் சொன்னேன். தேவையான ஆராய்ச்சியாம். நன்றாக எழுதியிருக்கிறாளாம். இந்த மாவட்டத்துக்கே பயன்படுமாம். "ஆனால் ஆய்வுக்குரிய நிலம் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. நில உரிமையாளரை நேரில் கேட்டபோது, ஒரு பேர்ச் நிலம் கூடக் கொடுக்க மாட்டேன் என்று கூறினார்." மச்சான், எழுதச் சொன்னேன், எழுதியே விட்டார்கள். என் பிள்ளையைத் திருப்பி அனுப்பியது அவர்கள் இல்லை, நான். அவள் ஏசுவாள் என்று பார்த்தால், "முதல் தரம் எல்லாருக்கும் ரிஜெக்ட் ஆகும் வாப்பா, திருத்தித் திரும்பப் போடலாம், நெலக்காரர்ட சம்மதம் மட்டும் எழுத்துல வேணுமாம்" என்று சிரிக்கிறாள். நெலக்காரர் நான்தானே. அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். நாலு மூலையில் மண் எடுக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தேன், அதை மட்டும் வெட்டிவிட்டாள். சும்மா விடவேண்டிய கொடிகளை நானே இறங்கிப் போய்க் காட்டிக் கொடுத்தேன். என் வாப்பா நட்ட வரிசைதான். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது, ஆனாலும் நானே ரிபன் கட்டினேன்.

ஆகவே மேலே கடைசி முடிவு என்று எழுதியதை வாசிக்காத மாதிரி இருங்கள், திரும்ப எழுதினால் கடதாசி வீண். தம்புள்ளைக்குப் போகவேண்டாம். இப்திகார் ஹாஜியாருக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள்: தங்கள் ப்ரபோசல் இம்முறை தெரிவு செய்யப்படவில்லை. குறிக்கோள் தெளிவாக இல்லை. வேண்டுமென்றால் மூன்று வருடத்துக்குப் பிறகு திருத்திச் சமர்ப்பிக்கலாம், ஆனால் வாப்பா அல்ல, மகன்தான் தன் வாயால் பேசவேண்டும்.

இதை எழுதும்போது பஸ்லா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். குடித்துப் பார்த்தேன். அரைக் கரண்டி இல்லை, நிறைந்த ஒரு கரண்டி சீனி. அடுத்து என்ன கேட்கப்போகிறாளோ, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.